யூரியா போட்ட வயலுக்குள் நடப்பது

நேயர்களுக்கு வணக்கம். பாகூர் ஏரிப் பாசனத்திலும் வீராணம் ஆயக்கட்டிலும் சம்பா நடவு முடிந்து, மேலுரத்துக்கு யூரியா வாங்கி வைத்திருப்பீர்கள். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன்.

ரசாயன உரம் போட்டால் மண்ணில் உள்ள உயிரெல்லாம் செத்துவிடும் என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். யூரியா சில நுண்ணுயிர்களுக்கு மிதமிஞ்சித் தீனி போடுகிறது. வேறு சிலவற்றை வேலையில்லாமல் உட்காரவைக்கிறது. இழப்பு வருவது அதனால்தான்.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம். நெல் வயலில் அப்படியே தூவிவிட்டால், பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி எங்கே போகிறது?

தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கி, சேற்றைக் கலைக்காமல் ஒரு கை எடுத்துப் பாருங்கள். மேலே மெல்லிசாக, சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பழுப்பு நிறம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பலும் கருநீலமுமாக இருக்கும். பழுப்பில் காற்று உண்டு, கருநீலத்தில் இல்லை. இரண்டிலும் குடியிருக்கும் கூட்டமே வேறு.

யூரியா சில நாளில் அமோனியமாக மாறிவிடும். மேலே உள்ள பழுப்புப் படலத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த அமோனியத்தை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட் ஆக்கும். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கிலேயே இவற்றைத் தனியே பிரித்துக் காட்டிவிட்டார். ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் குடும்பமும் இதே வேலையைச் செய்கிறது என்பது உறுதியானது 2005-இல்தான். உரம் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் பெரும்பாலும் பாக்டீரியாக்களின் கை ஓங்கும்; அமோனியா குறைந்த மண்ணிலும் அமில மண்ணிலும் ஆர்க்கியா தாக்குப்பிடிக்கும்.

இப்படி உண்டாகிற நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளாது. தண்ணீரோடு கருநீலச் சேற்றுக்குள் இறங்கும். அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைச் சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலைக் காயவிட்டு, நைட்ரேட் சேர்ந்த பிறகு மறுபடி தண்ணீர் கட்டினால் இந்த இழப்பு இன்னும் கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. நடுப்பகலில் வயல் தண்ணீரில் உள்ள பாசி, கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அந்த நேரம் தண்ணீரில் இருக்கும் அமோனியம் அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். 2015 முதல் நமக்கு வருகிற யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியதுதான். வேம்பு நைட்ரோசோமோனாஸின் வேகத்தைக் குறைக்கும், நல்லதுதான். ஆனால் நடுப்பகலில் ஆவியாவதற்கு அது பெரிய தடையல்ல.

ஆகவே தண்ணீரை வடித்துவிட்டுத் தூவுங்கள். கோனோ வீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்டி உரத்தைச் சேற்றுக்குள் தள்ளுங்கள், மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். உரம் கருநீலச் சேற்றுக்குள் போய்விட்டால் நைட்ரோசோமோனாஸுக்கு அங்கே காற்று கிடையாது. அமோனியம் அமோனியமாகவே இருந்து வேருக்குக் கிடைக்கும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவது இன்னும் நல்லது. எப்போது போடுவது என்பதை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணிட்ட இலை வண்ண அட்டை சொல்லும். வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4. அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் போடுங்கள். பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டார் என்று நாமும் போடுவது வேண்டாமே! ஐப்பசி, கார்த்திகை அடைமழை இரண்டு நாளில் வரும் என்று தெரிந்தால் கட்டாயம் பொறுத்திருங்கள்.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் கதை வேறு. மணற்பாங்கான மண், நைட்ரேட் நிற்காமல் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அளவு. அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலமும் வெளிப்படும் என்பதால், ஏற்கனவே புளித்த மண் ஆண்டுக்காண்டு இன்னும் புளிக்கும். அங்கே தொழு உரம் இல்லாமல் வெறும் யூரியா போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கோயம்புத்தூரில் 1909 முதல் ஒரே வயலில் உரப் பரிசோதனை நடந்துவருகிறது. இப்படிப்பட்ட நீண்டகாலப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, தொழு உரத்தோடு சமச்சீராக உரமிட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் செழிக்கின்றன என்பதைத்தான்.

வேலையில்லாமல் உட்காரவைக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், ரைசோபியம் என்ற பாக்டீரியாக்களைப் பற்றித்தான் சொன்னேன். அப்படிப் பிடிக்க நிறைய ஆற்றல் செலவாகும். அமோனியம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது அசோஸ்பைரில்லம் அந்த வேலையை நிறுத்திவிடும். ஒரே நாளில் அசோஸ்பைரில்லமும் யூரியாவும் போட்டால் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெல்லுக்குக் கடைசியாகப் போட்ட யூரியா மிஞ்சிக் கிடந்தால் உளுந்தில் வேர்முடிச்சு குறையும். முளைத்து ஒரு மாதத்தில் நாலைந்து செடியை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்து, அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. முடிச்சு இளஞ்சிவப்பாக இருக்கும் வயலில் மண்ணுக்கு யூரியாவே வேண்டாம். பூக்கத் தொடங்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரக் கரைசலை, முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, இலைமேல் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுபடி ஒரு முறை.

நன்றி, வணக்கம்.