மேசைக்கு மேசை நகர்ந்த வயலின்: ரோபி லக்கடோஷ்

[திரையில்: வயலின் கழுத்தின் மேல் ஓர் இடது கை, மிக அருகில்]

முதலில் இந்த இடது கையைப் பாருங்கள். வில்லைப் பார்க்க வேண்டாம், முகத்தையும் பார்க்க வேண்டாம். விரல்கள் தந்தியை அழுத்துகின்றன. அது எந்த வயலின் கலைஞரும் செய்வதுதான். ஆனால் இங்கே சில விரல்கள் தந்தியை விட்டு எழும்போது சும்மா எழுவதில்லை. போகிற போக்கில் அதைச் சுண்டிவிட்டுப் போகின்றன. வில் ஒரு பக்கம் இழைத்துக்கொண்டிருக்க, நடுநடுவே 'டிக், டிக்' என்று சுண்டும் ஒலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே தோன்றும்.

இந்தக் கை ரோபி லக்கடோஷுடையது. 1965இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தவர். முறுக்கிய மீசைக்காரர். செவ்வியல் இசையையும், 'ஜிப்சி' என்று பலர் அழைக்கும் ரோமா மக்களின் இசையையும் கலந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். எனக்கு அந்தக் 'கலந்தவர்' என்ற சொல்லில்தான் சந்தேகம். தனித்தனிப் பாத்திரத்தில் இருந்த இரண்டை ஒருவர் வந்து ஒன்றாக ஊற்றினார் என்றல்லவா அது சொல்கிறது? நடந்தது அப்படியில்லை. ஏன் என்று பார்க்க இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

[திரையில்: வியன்னா, 1814]

நெப்போலியனை வீழ்த்திய அரசர்களும் அமைச்சர்களும் ஐரோப்பாவின் எல்லைகளைத் திருத்தி வரைய வியன்னாவில் கூடியிருந்தார்கள். பகலில் பேரம், இரவில் விருந்து. அந்த விருந்தாளிகளுக்கு வாசித்தவர்களில் ஒருவர் யானோஷ் பிஹாரி. 1764இல் பிறந்த ரோமா வயலின் கலைஞர். நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர். அவர் விரலிலிருந்து வந்த மெட்டுகளை மற்றவர்கள்தான் எழுதி வைத்தார்கள். சிறுவனாக இருந்தபோது அவரைக் கேட்ட ஹங்கேரியப் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட், பிற்காலம் வரை அந்த வாசிப்பை மறக்கவில்லை. 1824இல் வண்டி கவிழ்ந்து பிஹாரியின் கை முறிந்தது. வயலின்காரருக்குக் கை போனால் சோறு போயிற்று. 1827இல் வறுமையில் இறந்தார். லக்கடோஷ் குடும்பம் தன் வேரை இவரிடமிருந்து சொல்கிறது; ரோபி ஏழாம் தலைமுறை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமாக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து ஐரோப்பியர் வைத்த பெயர்தான் 'ஜிப்சி'. உண்மையில் அவர்களுடைய மூதாதையர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே நகர்ந்தவர்கள். ரோமானி மொழியில் தண்ணீருக்குப் 'பானி', மூக்குக்கு 'நாக்', காதுக்குக் 'கான்'. இந்தி தெரிந்த எவருக்கும் இதற்கு மேல் சான்று தேவைப்படாது. 1971இல் லண்டனில் கூடிய அவர்களுடைய உலக மாநாடு 'ரோமா' என்ற பெயரை ஏற்றது. ஹங்கேரியின் இசைக் குடும்பங்களோ தங்கள் தொழிலைப் பழைய சொல்லாலேயே 'சிகான்' இசை என்று இன்றும் சொல்கின்றன. ஒன்றையும் விட்டுக்கொடுக்காத மனிதர்கள்.

[திரையில்: ஐந்து பேர் கொண்ட குழு]

அந்தத் தொழில் என்ன? 18ஆம் நூற்றாண்டில் படைக்கு ஆள் பிடிக்க வருபவர்கள் ஊர் நடுவில் ஆடிக் காட்டுவார்கள். ஆட்டத்துக்கு வாசிக்க ரோமாக் குழுவை அழைப்பார்கள். வெர்புன்கோஷ் என்ற இசைவடிவம் அங்கே உருவானது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சார்தாஷ்: முதல் பாதி மெதுவாக, ஏக்கமாக. மறு பாதி தலைதெறிக்க.

குழுவின் தலைவர் முதல் வயலின்காரர். அவரைப் பிரீமாஷ் என்பார்கள். பக்கத்தில் இரண்டாம் வயலின், கோன்ட்ராஷ். அவருக்கு மெட்டுக் கிடையாது, தாளத்தின் இடைவெளியில் விழும் வெட்டு மட்டும்தான். பிறகு டபுள் பாஸ், பெரும்பாலும் ஒரு கிளாரினெட், கூடவே சிம்பலோம் என்ற தந்திக் கருவி. சந்தூரைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை அளவு; பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்டுவார்கள். 1874இல் புடாபெஸ்டில் ஷுண்டா என்ற இசைக்கருவித் தயாரிப்பாளர் அதற்குக் கால் பெடல் வைத்த பிறகு கச்சேரி மேடைக்கும் ஏறியது.

இந்தக் குழு உணவகத்தில் மேசைக்கு மேசை நகரும். பிரீமாஷ் குனிந்து விருந்தாளியின் காதோரம் வாசிப்பார். கல்யாண வீட்டார் கேட்டால் சார்தாஷ், வியன்னாக்காரர் கேட்டால் வால்ட்ஸ், ஓபரா பார்த்துவிட்டு வந்தவர் கேட்டால் அந்த ஓபராவின் பாட்டு. 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அன்றைய காசு போயிற்று. ஆக, கலப்பது பிரீமாஷின் புரட்சியல்ல. அது அவருடைய வேலை.

[திரையில்: பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள், பழைய அச்சுப் பிரதி]

இனி மறு பக்கம். 1853இல் இருபது வயது ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ், எடே ரெமேன்யி என்ற ஹங்கேரிய வயலின்காரருக்குப் பியானோ வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அங்கே காதில் விழுந்த பாணியில் பின்னாளில் எழுதியவைதான் ஹங்கேரிய நடனங்கள். முதல் தொகுதிகள் 1869இல் வந்தன, மொத்தம் 21. அவற்றில் ஐந்தாவது உங்களுக்கும் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். பிராம்ஸ் அதை ஊர்ப் பொதுவான பழைய மெட்டு என்று நம்பியிருந்தார். உண்மையில் அது பேலா கேலர் என்ற இராணுவ பாண்டு மாஸ்டர் இயற்றிய சார்தாஷ். நல்லவேளை, பிராம்ஸ் அதைத் தன் சொந்தப் படைப்பாகக் காட்டாமல், படைப்பு எண் போடாமல், தொகுத்துக் கொடுத்ததாகவே வெளியிட்டிருந்தார்.

வயலின் மேதை சரசாதே 1878இல் எழுதிய 'சிகோய்னர்வைசன்' (ஜிப்சி மெட்டுகள்) கதையும் இதுதான். அதன் நடுவே வரும் உருக்கமான மெட்டு, எலமேர் சென்ட்டிர்மயி என்ற உயிரோடிருந்த மனிதருடைய பாட்டு. சரசாதேயும் நாட்டுப்புறப் பாடல் என்றே எண்ணியிருந்தார். ஒரே தவறு, ஏறத்தாழப் பத்து ஆண்டு இடைவெளியில், இரண்டு பெரிய மனிதர்கள். கேலரும் ரோமா அல்லர், சென்ட்டிர்மயியும் அல்லர், ரெமேன்யியும் அல்லர்.

அப்படியென்றால் இது யாருடைய இசை? லிஸ்ட் 1859இல் ஒரு புத்தகமே எழுதி, எல்லாம் ரோமாக்களுடையது என்றார். ஹங்கேரியர்கள் கொதித்தார்கள். 1931இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் நேர் எதிராக எழுதினார்: இவை ஹங்கேரியக் கனவான்கள் இயற்றிய பாட்டுகள், ரோமாக்கள் வாசிப்பவர்கள் மட்டுமே, உண்மையான நாட்டிசை உழவர்களிடம்தான் இருக்கிறது. எழுதிய பாட்டின் உரிமையைப் பொறுத்தவரை பார்டோக் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் வாசிப்பை வெறும் கூலி வேலையாகத் தள்ளிய இடத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. காகிதத்தில் எட்டு வரியாக இருக்கும் மெட்டை எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சுரத்துக்கு முன்னால் வழுக்கி வர வேண்டும் என்பதை யாரும் எழுதித் தரவில்லை. இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோமாக்கள் தங்கள் வீட்டில், தங்களுக்காகப் பாடும் இசையில் பல இடங்களில் வயலினே கிடையாது. ஹங்கேரியில் ஓலா என்ற பிரிவைச் சேர்ந்த ரோமாக்களிடம் மெதுவான கதைப்பாட்டுகள் உண்டு. ஆட்டத்துக்கு வாயாலேயே தாளச் சொற்கட்டு, தண்ணீர்க் குடத்தில் கைத்தட்டு, கரண்டிகள். அவ்வளவுதான். வயலின் அந்நியருக்கு வாசித்துப் பிழைப்பதற்கான கருவி.

[திரையில்: ஏழு சுரங்கள், ஒவ்வொன்றாக]

இந்த இடத்தில் கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஒரு விருந்து. 'ஜிப்சி மைனர்' அல்லது 'ஹங்கேரிய மைனர்' என்று மேற்கில் சொல்லும் சுரவரிசையைக் கொஞ்சம் பாடிப் பாருங்கள். சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். ஆமாம், 57ஆவது மேளமான சிம்மேந்திர மத்திமம்! உடனே 'எல்லாம் இங்கிருந்து போனது' என்று கிளம்பிவிடாதீர்கள். சுரம் ஒன்றுதான், கமகம் வேறு, நடை வேறு. இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் என்று ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

[திரையில்: புடாபெஸ்ட், பிறகு பிரஸ்ஸல்ஸ்]

ரோபியின் அப்பா அந்தல் லக்கடோஷும் வயலின்காரர். பையன் ஒன்பது வயதில் ரோமாக் குழுவில் முதல் வயலினாக மேடையேறிவிட்டார். பிறகு அவர் சேர்ந்த செவ்வியல் இசைப்பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? பேலா பார்டோக். எந்த இசையைப் பார்டோக் ஓரங்கட்டினாரோ அதன் வாரிசு, அவர் பெயர் தாங்கிய பள்ளியில் படித்து 1984இல் செவ்வியல் வயலினில் முதல் பரிசும் வாங்கினார்.

பரிசு வாங்கியவர் சிம்பொனி இசைக்குழுவில் போய் உட்காரவில்லை. 1986 முதல் 1996 வரை, பத்து ஆண்டுகள், பிரஸ்ஸல்ஸ் நகரின் ஓர் உணவகத்தில் தன் குழுவோடு வாசித்தார். கிராந்த் ஈல் என்ற பெயர் கொண்ட இடம். உணவகம் என்றதும் பாவம் என்று தோன்றலாம். தோன்ற வேண்டாம். ஆயிரக்கணக்கான இரவுகள், எதிரே விதவிதமான காதுகள்; பிடிக்கவில்லை என்றால் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். எந்தப் பள்ளியில் இவ்வளவு கண்டிப்பான தேர்வு உண்டு? கேட்க வந்தவர்களில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஒருவர். ரவிசங்கரோடும் ஜாஸ் வயலின்காரர் கிராப்பெல்லியோடும் வாசித்த அதே மெனுஹின்தான். பிரஸ்ஸல்ஸ் வரும்போதெல்லாம் அங்கே போவதை வழக்கமாக வைத்திருந்தார்.

அதன் பிறகு நடந்தது வேகமாக. செவ்வியல் உலகின் மூத்த நிறுவனமான டாய்ச்ச கிராமஃபோன் 1998இல் அவருடைய இசைத்தட்டை வெளியிட்டது. 2004 மார்ச்சில் லண்டன் சிம்பொனி இசைக்குழு நடத்திய வயலின் விழாவில் செவ்வியல் வயலின் கலைஞர் மாக்ஸிம் வெங்கரோவோடு மேடையேறினார். ஜாஸ், கிளெஸ்மர் என்று அழைக்கப்படும் யூத இசை, திரைப்பட மெட்டுகள் எல்லாம் அவர் பட்டியலில் சேர்ந்துகொண்டே போயின. கேட்டதை வாசிக்கும் பிரீமாஷ், மேசை மட்டும் பெரிதாகிவிட்டது.

குறையும் உண்டு. ரோபிக்கு வேகம் ஒரு பலவீனம். ருமேனியாவின் புகழ்பெற்ற வானம்பாடி மெட்டை அவர் வாசிக்கும்போது பறவை கூவுவதைவிடப் போட்டியில் ஓடுவதுபோல் கேட்கிற இடங்கள் உண்டு. கைத்தட்டல் அங்கேதான் வெடிக்கிறது. நான் காத்திருப்பதோ மெதுவான பகுதிக்கு. ஒரு சுரத்தை எடுத்து, அதைச் சற்றுத் தாழ்த்தித் தொடங்கி, மெல்ல ஏற்றி, விழப்போகிற நேரத்தில் பிடித்து நிறுத்துவார். அங்கே ஏழு தலைமுறை தெரிகிறது.

[திரையில்: குழு முழுவதும். கேமரா மெல்லப் பின்னால் நகர்கிறது]

கடைசியாக ஒரு பகுதி. முழுதாகக் கேளுங்கள். ஆனால் இந்த முறை ரோபியின் கையைப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் வயலின்காரரைப் பாருங்கள். எதிரே நொட்டேஷன் தாங்கி இல்லை. தாளம் எங்கே இழுபடும், எங்கே பாயும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் கண் முன்னால் நிற்பவரின் வில் நுனியிலேயே இருக்கிறது. அது நின்றால் இவரும் நிற்பார். இதோ, நிற்கப்போகிறது.

[இசை]