ஐந்து டாலர் ஜாக்கெட்டில் எவ்வளவு ஈயம்?

[காட்சி: வீட்டு முன்புல்வெளியில் மடக்கு மேசை, மேலே பழைய பொம்மைகள், குழந்தைத் துணிகள், ஒரு மரக் கிரிப் (குழந்தை தூங்கும் தடுப்பு வைத்த கட்டில்)]

அமெரிக்காவில் கோடைக்காலத்து சனிக்கிழமை காலையில் தெருவுக்குத் தெரு இப்படி யார்டு சேல், அதாவது வீட்டிலுள்ள பழைய சாமான்களை வாசலிலேயே போட்டு விற்பது, நடக்கும். அந்த மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரையும் ஒரு மத்திய அரசுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

2006-ல் மினியாபொலிஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ஷூவோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்துபோனான். சோதித்தபோது அந்தப் பதக்கத்தில் 99 சதவீதம் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம். அடுத்த ஆண்டே பெயின்ட்டில் ஈயம் கலந்த பொம்மைகளை லட்சக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நாடு கொதித்தது. 2008 ஆகஸ்ட் 14 அன்று புதிய நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் அதை எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு.

[காட்சி: ஹேங்கரில் தொங்கும் குழந்தை ஜாக்கெட், ஜிப் மட்டும் பெரிதாக]

12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான எந்தப் பொருளிலும், 2009 பிப்ரவரி 10 முதல், பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் முதலில் சொன்னது. நல்ல விஷயம்தானே? சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. 'தயாரிக்கக்கூடாது' என்பதோடு சட்டம் நிற்கவில்லை, 'விற்கக்கூடாது' என்றும் சொன்னது. எப்போதோ தைத்து, மூன்று குழந்தைகள் போட்டுக் கழித்த ஜாக்கெட்டுக்கும் அதே வரம்பு.

ஒரு தொழிற்சாலை பத்தாயிரம் ஜாக்கெட் தைத்தால், ஒன்றைச் சோதித்துவிட்டு செலவைப் பத்தாயிரத்தின் மேலும் போட்டுவிடும். பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் ஸ்டோரில் அது நடக்காது. அங்கே ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. ஜிப்பில் ஈயம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் முறையாகப் பார்க்க வேண்டுமானால், அதை வெட்டி அமிலத்தில் கரைக்க வேண்டும். அப்புறம் விற்க என்ன மிச்சம் இருக்கும்?

கடைக்காரர்கள் பதறியதும், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2009 ஜனவரியில் ஒரு விளக்கம் வெளியிட்டது: பழைய பொருள் விற்பவர்கள் சோதிக்க வேண்டியதில்லை, ஆனால் வரம்பை மீறிய பொருளை விற்றால் அது சட்டமீறல். அபராதம், மீறல் ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரை. எனக்கென்னவோ இதை விளக்கம் என்று சொல்ல மனசு வரவில்லை. சில கடைகள் குழந்தைச் சாமான்களையே நிறுத்திவிட்டன. 1985-க்கு முந்தைய குழந்தைப் புத்தகங்கள்கூட, அச்சு மையில் ஈயம் இருக்கலாம் என்ற பயத்தில், அலமாரியை விட்டு இறங்கின.

2011 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். பழைய குழந்தைப் பொருட்களுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆனால் ஈயப் பெயின்ட்டுக்கும் குழந்தைகளின் உலோக நகைகளுக்கும் கிடையாது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

[காட்சி: பக்கத் தடுப்பு கீழே இறங்கும் பழைய கிரிப்]

அதே கோடையில் இன்னொரு விதி வந்தது. அதில் பழைய பொருளுக்குச் சலுகையே இல்லை.

இந்தக் கிரிப்பில் ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் நகரும். குனியாமல் குழந்தையைத் தூக்கலாம், வசதி. ஆனால் நாளாக ஆகத் திருகு தளரும், பிளாஸ்டிக் கொக்கி உடையும். தடுப்பு ஒரு மூலையில் கழன்று, மெத்தைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். குழந்தை அதில் நழுவிச் சிக்கினால் மூச்சு முட்டும். 2000-லிருந்து பத்தாண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்தன. பழசாவதுதான் இங்கே ஆபத்தே. 2011 ஜூன் 28 முதல் இதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை. கடையானாலும் யார்டு சேலானாலும் ஒன்றுதான்.

விற்பவருக்கு இதில் ஆய்வகம் தேவையில்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும். ஜிப்புக்கும் கிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்ட பொருட்களும் இப்படித்தான்: ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதில் வந்துவிடும். அவற்றை மறுபடி விற்பதும் சட்டவிரோதம்.

இருந்தாலும் விற்கிறார்கள். ராக் அன் பிளே என்ற கைக்குழந்தைச் சாய்வுப் படுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2023-ல் மறுபடியும் எச்சரிக்க வேண்டி வந்தது. 2019 அறிவிப்புக்குப் பிறகும் குறைந்தது எட்டுக் குழந்தைகள் அதில் இறந்திருந்தன. கடைக்கு ஆய்வாளர் போகலாம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் இரவு பத்து மணிக்குப் படம் போட்டு, காலையில் விற்று முடிப்பவரிடம் யார் போவது?

[காட்சி: மீண்டும் புல்வெளி. மரக் கிரிப் அருகில்]

இந்தக் கிரிப்பில் ஒரு லேபிள் இருக்கும், தயாரித்த தேதியோடு. 2011 ஜூன் 28-க்கு முந்தையது என்றால் விற்கவும் வேண்டாம், தானம் கொடுக்கவும் வேண்டாம். குப்பைக்குப் போடுவதானாலும் முழுசாக வைக்காதீர்கள், கழற்றிப் பிரித்துப் போடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.