அனுபவம் இல்லாமல் வரலாம், பயிற்சி இல்லாமல் வரக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எனக்கு இதில் எந்த அனுபவமும் இல்லையே, வரலாமா?" தாராளமாக வரலாம். ஆனால் பயிற்சி இல்லாமல் இந்தக் குழந்தைகளின் முன் ஆசிரியராக நிற்கக் கூடாது. இது என் கருத்து மட்டுமன்று. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டமும் அதையே சொல்கிறது. அந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயரைப் பதியாத ஒருவர் சிறப்புக் கல்வி ஆசிரியராகத் தொழில் செய்தால், ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பும், பட்டதாரிகளுக்குச் சிறப்புக் கல்வியில் பி.எட். படிப்பும் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இவற்றை நடத்துகிறது. வேலை விளம்பரம் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழகத்தில் 'சிறப்பாசிரியர்' என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியரைக் குறிக்கும். நீங்கள் தேட வேண்டிய சொல் 'சிறப்புப் பயிற்றுநர்'.

பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு என்று ஏதேனும் ஒரு பிரிவை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பிரெயில் படிப்பதும், சைகை மொழி பேசுவதும், பல் துலக்கக் கற்றுக்கொடுப்பதும் முற்றிலும் வெவ்வேறான வேலைகள். எனவே, விண்ணப்பிப்பதற்கு முன்பு அருகிலுள்ள ஒரு சிறப்புப் பள்ளியிலாவது, கல்வித் துறையின் வட்டார வள மையத்திலாவது அனுமதி கேட்டு, ஒரு மாதம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

நானும் எந்த அனுபவமும் இல்லாமல்தான் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரத்தில், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சட்டைப் பொத்தானோடு போராடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நானே ஓடிப்போய் எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டேன். மூத்த ஆசிரியை ஒன்றும் கோபிக்கவில்லை. "அவன் எந்த இடத்தில் தடுமாறினான் என்று கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கெட்டித் துணியில் பெரிய பொத்தான் தைத்த ஒரு சட்டையைக் கொண்டுவந்தார். துளையை விரிப்பது, பொத்தானின் ஓரத்தை உள்ளே நுழைப்பது, மறுபக்கம் எட்டிப் பார்ப்பதைப் பிடிப்பது, இழுப்பது என்று அந்த ஒரு செயலை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் மூன்றையும் தாமே செய்து, கடைசியாக இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டார். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருந்தான். அது பழகிய பின் மூன்றாவது படி, அதன் பின் இரண்டாவது என்று பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார். பல மாதங்கள் ஆயின. இதைச் செயல் பகுப்பாய்வு என்றும், பின்னோக்கிய சங்கிலி முறை என்றும் பிற்பாடு பாடத்தில் படித்தபோது, எனக்கு அந்தப் பையனின் விரல்கள்தான் கண்ணில் நின்றன.

உட்கார்ந்து பார்க்கப் போகும்போது ஒரு குறிப்பேடு கையில் இருக்கட்டும். "பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. "மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போனான், நான்கு நிமிடம் கழித்து வெளியே வந்தான்" என்று எழுதுங்கள். அவனுக்கு ஓசைதான் தொல்லை என்பது அப்போதுதான் தெரியும். மணியை மாற்றலாம், முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக எழுதப்படும் கல்வித் திட்டம் இத்தகைய குறிப்புகளிலிருந்தே பிறக்கிறது.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனப் பள்ளிகளில் தொடக்க ஊதியம் குறைவு. அரசுத் திட்டங்களில் பலர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த அடிப்படையிலேயே உழைக்கிறார்கள், இது எனக்குப் பெரும் மனக்குறை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21ஆக விரித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவைத் தொடர்ந்து, தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 மாணவர்களுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி 2025இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த இடங்கள் நிரப்பப்படும் நாளில் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் உள்ளவர்களே விண்ணப்பிக்க முடியும்.

ஆகவே, எந்தக் கல்லூரியிலும் கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்தப் படிப்புக்கும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் மறுவாழ்வு கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்பதை அதன் இணையதளப் பட்டியலில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.