இரண்டு நிமிடத்தில் ஒரு நகரம் எதைக் கேட்கும்?

நண்பர்களே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சிறிய நகரத்தின் கவுன்சில் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் நகரத்தின் சார்பில் எதையெல்லாம் கேட்பது என்று பேசக் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்திருந்தது. தீயணைப்புத் துறைக்கு வண்டி, சாலைத் துறைக்குப் பாலம், நூலகத்துக்குக் கூரை என்று திரையில் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாமே நியாயமான தேவைகள்தான். கடைசியில் ஒரு பெண் உறுப்பினர் கையைத் தூக்கினார். "நம்ம சட்டமன்ற உறுப்பினரை நான் போய்ப் பார்த்தால் எனக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். இதில் எதைச் சொல்லட்டும்?" யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், ஒரு நகரம் ஏன் போய்க் கேட்க வேண்டும்? வரி வசூலிக்கிறது, மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இருக்கிறார், கவுன்சில் இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகராட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அவை மாநிலங்களின் பிள்ளைகள். 1868-இல் அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் டில்லன் ஒரு விதி வகுத்தார்: மாநிலம் கொடுத்த அதிகாரம் எதுவோ அதுதான் நகரத்துக்கு உண்டு. பிற்பாடு பல மாநிலங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை கொடுத்தன. மிசூரி 1875-லேயே செயின்ட் லூயிஸுக்கு வழி திறந்தது. ஆனாலும் கயிறு மாநிலத்தின் கையில்தான். பென்சில்வேனியா மாநிலத்தில், பக்கத்தில் இருந்த பிட்ஸ்பர்க்குடன் சேர அலெகெனி நகர மக்களில் பெரும்பான்மையோர் மறுத்தார்கள். மாநிலச் சட்டப்படி இரண்டு நகர வாக்குகளையும் ஒன்றாக எண்ணிச் சேர்த்துவிட்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் நினைத்தால் நகரத்தைப் பெருக்கலாம், சுருக்கலாம், இல்லாமலே ஆக்கலாம் என்று 1907-இல் தீர்ப்பு வந்தது. அலெகெனி என்ற நகரம் இன்று இல்லை.

இது பழைய கதை இல்லை. அலபாமாவின் பர்மிங்காம் நகரம் 2016-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக உயர்த்தியது. மாநிலச் சட்டமன்றம் உடனே ஒரு சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கியது. தெருவைப் பெருக்குகிறவருக்கும் சமையல் செய்கிறவருக்கும் கிடைக்க வேண்டிய காசு, நகர எல்லைக்கு வெளியே போட்ட ஒரு கையெழுத்தில் போய்விட்டது. அதனால்தான் மாநிலத் தலைநகரத்தில் நகரத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்கிறேன்.

அந்தக் குரலுக்கு அங்கே எழுத்து வடிவம் கொடுக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, நகரத்தின் நிலைப்பாடுகள். உள்ளூர் அதிகாரத்தைக் குறைக்கும் எந்த மசோதாவையும் எதிர்ப்போம், நிதி கொடுக்காமல் பொறுப்பை மட்டும் சுமத்தும் சட்டத்தை எதிர்ப்போம் என்பது போன்றவை. படிக்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் உபயோகம் பெரிது. ஒரு மசோதா திங்கட்கிழமை வந்து புதன்கிழமை குழு விசாரணைக்குப் போய்விடும். அதற்குள் கவுன்சிலைக் கூட்ட முடியாது. நிலைப்பாடு முன்பே தீர்மானமாக நிறைவேறியிருந்தால், மேயரோ அதிகாரியோ அன்றே கடிதம் அனுப்பலாம். இரண்டாவது பகுதி, குறிப்பான கோரிக்கைகள்: இந்தச் சட்டப் பிரிவைத் திருத்துங்கள், இந்த வேலைக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்.

நேரமும் முக்கியம். டெக்சாஸில் வழக்கமான சட்டமன்றக் கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூடும், அதுவும் 140 நாள். ஜனவரியில் கதவு திறக்கும்போது கையில் பட்டியல் இல்லாத நகரம் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே வேலை முந்தைய கோடையிலேயே தொடங்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம்.

1972-இல் அதிபர் நிக்சன் காலத்தில் மத்திய அரசு தன் வருவாயில் ஒரு பங்கை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பெரிதாக நிபந்தனை ஏதும் இல்லாமல் பகிர்ந்து கொடுத்தது. 1986-இல் அது நின்றது. இன்றைக்குப் பணம் முக்கியமாக மூன்று வழியில் வருகிறது. ஒன்று, மக்கள்தொகை, வறுமை போன்ற கணக்கை வைத்துத் தானாக வருவது. 1974-இல் தொடங்கிய சமூக மேம்பாட்டு மானியம் அப்படிப்பட்டது. அதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது விதி. இரண்டு, போட்டி மானியம். விண்ணப்பம் எழுதி, மதிப்பெண் வாங்கி ஜெயிக்க வேண்டும். மூன்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் பெயரைச் சொல்லி நிதி மசோதாவில் சேர்ப்பது. 2011 முதல் பத்து ஆண்டு இது நிறுத்தப்பட்டு, 2021-இல் புது விதிகளோடு திரும்ப வந்தது. லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது, ஊர் மக்களின் ஆதரவுக்குச் சான்று வேண்டும் என்பவை அந்த விதிகளில் சில.

இந்த மூன்றாவது வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர், இது திரும்ப வந்த முதல் வருடம் 10 திட்டங்கள்தான் கேட்கலாம் என்றிருந்தது, பிறகு 15 ஆனது. ஒரு தொகுதியில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். எத்தனையோ நகரங்கள், மாவட்டம் போன்ற கவுண்டிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள். அத்தனை பேரும் அந்தச் சில இடங்களுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது கோரிக்கையோடு போகும் நகரம், எது முக்கியம் என்று முடிவு செய்யும் உரிமையை அந்த அலுவலகத்தில் இருக்கும் ஓர் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வருகிறது. கவுன்சிலில் சண்டை போட்டு முடிக்க வேண்டிய விஷயம், ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் மேஜையில் முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

போட்டி மானியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பல திட்டங்களில் நூறில் இருபது பங்கை நகரமே போட வேண்டும். அந்த இருபது இல்லாத ஏழை நகரத்துக்கு எண்பதும் கிடையாது. விண்ணப்பம் எழுதவே தனியாக ஓர் ஆள் வேண்டும், சின்ன நகரங்களில் அந்த ஆளும் இல்லை. அப்புறம், கட்டடம் கட்டப் பணம் கிடைக்கும், அதை நடத்தப் பணம் கிடைப்பது அபூர்வம். எந்தக் கோரிக்கையைப் பட்டியலில் ஏற்றினாலும், பத்து வருடம் கழித்து இதன் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று அன்றே கேட்டுவிட வேண்டும். இலவசமாக வந்த நீச்சல் குளத்தைப் பூட்டி வைத்திருக்கும் ஊர்களைப் பார்த்தவன் நான்.

இன்னொன்று. சட்டக் கோரிக்கை வேறு, நிதிக் கோரிக்கை வேறு என்று இரண்டு கோப்பில் போட்டுப் பிரிப்பது பெரும் தவறு. நியூஜெர்சியின் நியூவார்க்கைப் பாருங்கள். அங்கே குடிநீரில் ஈயம் கலந்திருந்தது. காரணம், தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் போகும் சின்ன ஈயக் குழாய்கள். அந்தக் குழாய் வீட்டுக்காரரின் சொத்து. பொதுப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிடுவதற்கு மாநிலச் சட்டம் இடம் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தது. அதன்பின் 2019-இல் எசெக்ஸ் கவுண்டி 12 கோடி டாலர் கடன் பத்திரம் மூலம் நிதிக்கு வழி செய்தது. பணமும் வந்தாயிற்று, சட்டமும் வந்தாயிற்று, அப்போதும் ஒரு தடை. நகரத்தில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டு உரிமையாளர் எங்கோ இருப்பார், சம்மதக் கடிதத்துக்குப் பதில் வராது. அதனால் உரிமையாளர் சம்மதம் இல்லாமலே உள்ளே போய்க் குழாய் மாற்றலாம் என்று நகரக் கவுன்சில் விதி இயற்றியது. மூன்று வருடத்துக்குள் சுமார் 23,000 குழாய்களை மாற்றி முடித்தார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு டாலர்கூடச் செலவு இல்லை. பணத்தை மட்டும் கேட்டிருந்தால் அது கருவூலத்தில் கிடந்திருக்கும். சட்டத்தை மட்டும் கேட்டிருந்தால் காகிதமாக இருந்திருக்கும். குழந்தைகள் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அந்தக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு மைக்கின் முன் வந்து பேசியவர்களில் பலர் நூலகத்துக்காகப் பேசினார்கள், சிலர் பூங்காவுக்காக. நன்றாகவே பேசினார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு நீர்த்துறைப் பொறியாளர் ஒரு பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஊரின் தாழ்ந்த பகுதியில் இருக்கும் கழிவுநீர் இறைக்கும் நிலையத்தின் பழுதுப் பதிவேடு. ஒவ்வொரு பெரிய மழைக்கும் ஒரு வரி. பம்பு நின்றால் கழிவுநீர் அந்தத் தெரு வீடுகளுக்குள் திரும்பும். அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள் என்று பொறியாளர் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் நீளமானது. நூலகத்துக்காக வந்தவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். அவர் மேலும் தப்பில்லை, கூரை ஒழுகுவதும் உண்மைதான். இரவு நெடுநேரம் கழித்துப் பட்டியல் ஐந்து வரியாகச் சுருங்கியது. முதல் வரி, அந்தப் பம்பு நிலையம். விடுபட்டவை எவை, ஏன் விடுபட்டன என்பதையும் அதே தீர்மானத்தோடு எழுதி வைத்தார்கள். நூலகத்தின் பெயருக்கு எதிரே, அடுத்த வருடம் நகரத்தின் பங்குத்தொகையோடு மறுபடி வரும் என்று குறித்தார்கள்.

அந்த வருடம் பம்பு நிலையத்துக்குப் பணம் வரவில்லை. அடுத்த வருடப் பட்டியலை நான் வாங்கிப் பார்த்தேன். முதல் வரி மாறவில்லை. அதன் கீழே, இடைப்பட்ட மாதங்களில் வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்த தேதிகளைச் சேர்த்திருந்தார்கள்.