கவசம் அல்ல, கூடு!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நண்டின் மேல் இருக்கும் ஓடு வெறும் கவசமா, எலும்புக்கூடு போல உடலைத் தாங்கும் கூடா? கூடே என்கிறது எங்கள் அணி.

எதிரணி ஐயா கைதட்டல் வாங்கிப் போனார். "நண்டு ஓட்டை எலும்புக்கூடு என்றால், ஓட்டு வீடும் எலும்புக்கூடா?" என்று கேட்டார். ஓட்டு வீட்டில் ஓட்டைப் பிரித்தால் என்ன ஆகும் ஐயா? மழை உள்ளே வரும். சுவர் நிற்கும், கதவு திறக்கும், மூடும். நண்டுக்கு ஓட்டைப் பிரித்தால் கதவே திறக்காது!

அடுத்த முறை நண்டு சாப்பிடும்போது பாருங்கள். கொடுக்கில் அசைகிற விரலை மெல்ல இழுங்கள். கண்ணாடி போல ஒரு தட்டைத் தகடு சதையோடு வரும். பிள்ளை வாயில் குத்திவிடும் என்று அம்மா எடுத்துப் போடுவாரே, அதேதான்! அது ஓட்டின் உள்மடிப்பு. கொடுக்கை மூடும் தசை அதைப் பிடித்துத்தான் இழுக்கிறது. எதிர்ப்பக்கம் சிறிதாக இன்னொன்று, திறப்பதற்கு. நம் தசை எலும்புக்கு வெளியே ஒட்டியிருக்கிறது, நண்டின் தசை ஓட்டுக்கு உள்ளே. வேலை ஒன்றுதானே?

அதனால்தான் இந்த வெளிக்கூட்டை ஆங்கிலத்தில் எக்ஸோஸ்கெலிட்டன் என்கிறார்கள், தமிழ்நாட்டில் புறச்சட்டகம் என்கிறோம், இலங்கையில் புறவன்கூடு என்கிறார்கள். "எலும்பே இல்லையே, பிறகென்ன ஸ்கெலிட்டன்?" என்றும் கேட்டார். அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'உலர்ந்தது' என்றுதான் பொருள். ஆமைக்கும்தான் ஓடு இருக்கிறதே என்று ஆமையைக் காட்டினார். ஆமை ஓட்டில் முதுகெலும்பும் விலாவும் இணைந்தே கிடக்கின்றன. அது உள்கூட்டின் பகுதி. முயலின் முடியையும் நகத்தையும் புறச்சட்டகம் என்று எழுதும் விலங்கியல் நூல்கள் உண்டு. விரிந்த வழக்கு, மறுக்கவில்லை. ஆனால் முயலை நிறுத்துவது முடியா, எலும்பா?

கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்தான். பிறகும் தேரேறினான், வில் பிடித்தான். நண்டால் முடியுமா?

கேளுங்கள். இறுகிய ஓடு வளராது. உள்ளே உடல் வளர்கிறது. பழைய ஓட்டின் சுண்ணாம்பில் கொஞ்சத்தை நண்டு உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அடியில் மெல்லிய புதுக்கூடு உருவாகிறது. தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. முதுகோட்டின் பின்விளிம்பு பிளக்கிறது. பின்பக்கமாகவே வெளியே வருகிறது! கண்ணின் உறை, செவுளின் உறை, இரைப்பையின் உட்பூச்சு வரை கழன்றாக வேண்டும். கொடுக்குதான் பெரும்பாடு. அவ்வளவு பருத்த சதை, அடிக்கணுவின் குறுகலான வழியே வர வேண்டும். சிக்கினால் கொடுக்கையே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் உயிரை விட வேண்டும்.

தப்பி வந்த நண்டைக் கரையில் தூக்கிப் பாருங்கள், துவண்டு தொங்கும். கடிக்க வலுவில்லை. சொந்த இனமே தின்றுவிடும்.

சேற்று நண்டில் பெண் ஓடு கழற்றும் காலம் நெருங்கினால் ஆண் தேடி வரும். நாள்கணக்கில் அவளைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துச் சுமக்கும். அவள் ஓடு கழற்றுகையில் விடும். மெத்தென்று கிடக்கும் அந்த வேளையில்தான் கூடும். பிறகு மறுபடி அணைத்துக்கொள்ளும். கொடுக்கை விரித்து, வருகிறவனையெல்லாம் விரட்டும், அவள் ஓடு இறுகும்வரை.

அந்த அணைப்பைக் கவசம் என்று சொல்லுங்கள் நடுவர் அவர்களே, ஒப்புக்கொள்கிறேன்.