வெள்ளிக்கிழமை ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவன் அல்லன். தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூர் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவன். சிறார் மூட்டுவாதத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அந்த நோய் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் குடியிருப்பதுதான். அது வந்தபோது என் மகளுக்கு நான்கு வயது. இப்போது பதின்மூன்று. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே வந்தேன். பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

முதல்முறை சென்னைக்குப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். விடியற்காலையில் எழும்பூர் வந்தது. நடுப் படுக்கையில் தூங்கிய பிள்ளையை எழுப்பினால் எழுந்திருக்க முடியவில்லை. இரவெல்லாம் மடங்கிக் கிடந்த இடது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடுப்பில் தூக்கிக்கொண்டு நடைமேடையில் இறங்கினேன். கூடப் பயணம் செய்த ஓர் அம்மாள், "இவ்வளவு பெரிய பிள்ளையைத் தூக்கிப் பழக்காதீர்கள் தம்பி" என்று அக்கறையோடு சொன்னார். அன்று பத்து மணிக்கு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அதே பிள்ளை யாரோ ஒரு பையனோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ!

இந்த நோயின் குணமே அதுதான். காலையில் கிழவி, மாலையில் கன்றுக்குட்டி. இரவில் அசையாமல் கிடக்கும்போது அழற்சி உள்ள மூட்டு இறுகிப்போகிறது. எழுந்து நடமாட நடமாட இளகுகிறது. இது புரியாதவர்கள் கண்ணுக்குப் பிள்ளை நடிப்பதுபோலத்தான் தெரியும். பள்ளியில் ஓர் ஆசிரியை, "காலை வழிபாட்டில் நிற்க முடியவில்லை என்கிறாள், சாயங்காலம் மணி அடித்ததும் முதலில் ஓடுகிறவள் அவள்தான்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவளை முதன்முதலில் சந்தேகப்பட்டவன் நான். பாலர் பள்ளிக்குப் போக அழுகிறாள் என்று நினைத்து இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். அதை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

சென்னைக்கு வருவதற்குள் எட்டு மாதம் வேறொரு வழியில் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பார்த்த மருத்துவர், ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து, இது வாதக் காய்ச்சல் என்று முடிவு செய்தார். இருதயத்தைப் பாதிக்கும் காய்ச்சல் என்றதும் பயந்துபோய், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுவந்தோம். போட்டால் இரண்டு நாள் உட்கார முடியாது, அப்படி வலிக்கும். முழங்கால் வீக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, வாதக் காய்ச்சலில் மூட்டுவலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும், சில நாளில் அடங்கியும் விடும் என்பது. எங்கள் வீட்டு வீக்கம் எங்கும் தாவவில்லை, அடங்கவும் இல்லை. பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் மூட்டில் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத அழற்சிக்குத்தான் சிறார் மூட்டுவாதம் என்று பெயர். காசநோய், ரத்தப் புற்றுநோய்கூடக் குழந்தைகளுக்கு மூட்டுவலியாக வேடம் கட்டி வரும் என்பதால் அவற்றையெல்லாம் சோதித்து விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். அந்தச் சோதனைகள் நடந்த பத்து நாளும் நாங்கள் இருவரும் சாப்பிட்டோமா என்று நினைவில்லை.

பெயர் கிடைத்ததும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "வாதம் கிழவிகளுக்கு வருவது, பச்சைப் பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று என் தாயாரே கேட்டார். இது புது நோய் ஒன்றும் இல்லை. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய 22 பிள்ளைகளைப் பற்றி 1897-இலேயே எழுதி வைத்திருக்கிறார். உடலின் காவல் படையே தன் மூட்டின் உட்சவ்வைப் பகை என்று எண்ணித் தாக்குகிறது, யாரிடமிருந்தும் ஒட்டாது, பெற்றவர்கள் செய்த எதனாலும் வராது என்று மருத்துவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். என் மனைவி தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது, "ஏழாம் மாதத்தில் நான் அடிக்கடி பழைய சோறு சாப்பிட்டேனே, அதனால் இருக்குமோ?" என்றாள்.

என் தாயாரின் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். முடக்கத்தான் கீரையில் தோசை. முடக்கை அறுப்பதால் முடக்கத்தான் என்பார்கள். மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "தோசை தாராளமாகக் கொடுங்கள், மருந்தை நிறுத்திவிட்டுக் கொடுக்காதீர்கள்" என்றார். அதே தாயார் விடியற்காலையில் அண்டாவில் வெந்நீர் போட்டு, பிள்ளையை அதில் உட்காரவைத்து, முழங்காலைப் பிடித்துவிடுவார். அதை மட்டும் இயன்முறை மருத்துவர் மனமாரப் பாராட்டினார். வெந்நீரில் இறுக்கம் சீக்கிரம் இளகும், காலை நீட்டி மடக்கும் பயிற்சியை அதற்குப் பிறகு செய்யவைத்தால் பிள்ளை அழாது என்றார். பெயர் சொல்லாத சூரணப் பொட்டலங்களைப் பற்றித்தான் அவர் எச்சரித்தார். ஸ்டீராய்டைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள், ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது என்றால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம் என்றார்.

இன்னொன்றைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்த் தையல்காரர். பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு அளவெடுக்கும்போது, "பாப்பாவுக்கு ஒரு பக்கம் ஏறுகிறதே சார்" என்றார். நோய் வந்த கால்தான் குட்டையாகியிருக்கும் என்று நினைத்தேன். நேர்மாறு. அழற்சி உள்ள முழங்காலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அங்கே எலும்பு வேகமாக வளர்ந்து, நோய் கண்ட கால் நீண்டுவிட்டது. நல்ல காலின் செருப்புக்கு அடியில் கொஞ்சம் உயரம் கொடுத்துச் சமாளித்தோம். அழற்சி அடங்கிய பிறகு அந்த வித்தியாசம் மெல்லக் குறைந்தது.

முதலில் மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மயக்கம் கொடுத்துத்தான் போட்டார்கள். ஒரு வாரத்தில் காலை நேராக நீட்ட முடிந்தது. நோய் தொலைந்தது என்று குலதெய்வத்துக்குப் பொங்கல்கூட வைத்தோம். ஏழாம் மாதம் அந்த முழங்காலோடு வலது கணுக்காலும் சேர்ந்து வீங்கியது. அப்போதுதான் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டது. கை நடுங்கிவிட்டது. மறுமுறை போனபோது மருத்துவர் ஒரு கதை சொன்னார். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில்தான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அங்கேதான் உருவாயின. அவற்றில் ஒன்றைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் வெளியிட்டார். மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அளவு, புற்றுநோய்க்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். அதன் தொல்லையைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுக்கிறோம். திண்டுக்கல்லில் ஒரே பட்டறையில் செய்த பூட்டும் சாவியும்போல, இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு.

மூட்டுவாதக் குழந்தைகளுக்கு இது பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வை அமெரிக்க மருத்துவர்களும் சோவியத் மருத்துவர்களும் சேர்ந்து 127 பிள்ளைகளிடம் நடத்தினார்களாம். அது 1992-இல் அச்சேறியபோது சோவியத் ஒன்றியமே இல்லை. ஒரு நாடு மறைந்துவிட்டது, அதன் பிள்ளைகள் விழுங்கிய மாத்திரையின் பலன் தேனி வரை வந்திருக்கிறது என்று நான் வியந்துகொள்வேன்.

பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தவறித் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்களுக்குக் கிடைத்த மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒன்றைச் சாமி அலமாரியிலும் மற்றதைச் சமையலறையிலும் வைத்தோம். மெத்தோட்ரெக்சேட் அட்டையின் மேல் "வெள்ளி" என்று சிவப்பு மையில் என் மனைவி எழுதிவைத்தாள். வெள்ளி இரவு கொடுத்தால் சனிக்கிழமை படுத்திருக்கலாம், பள்ளி போகாது என்ற கணக்கு.

குமட்டல்தான் எங்களைத் தோற்கடித்தது. முதல் மாதம் மாத்திரை போட்ட பிறகு வாந்தி. மூன்றாம் மாதம் மாத்திரையைப் பார்த்ததும் வாந்தி. பிறகு வியாழக்கிழமையே முகம் வாடிவிடும். ஒரு நாள் கல்யாணப் பந்தியில் எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்து ஓங்கரித்தாள். காரணம் எங்களுக்குப் புரியவில்லை. மருத்துவக் கோப்பை எடுத்துப்போகும் பை, ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பை. அதை ஆணியிலிருந்து எடுத்தாலே அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். கடைசியில் ஒரு செவிலியர்தான் பிடித்தார்: மாத்திரை மஞ்சள், அதனால் மஞ்சள் எல்லாமே அவளுக்கு மருந்தாகிவிட்டது என்றார். மாத்திரையை நிறுத்தி, தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி மருந்தும் மஞ்சள்தான். மருந்து தெரியாதபடி ஊசிக்குழலைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டினோம். அரை மணி முன்னதாகக் குமட்டல் தடுக்கும் மாத்திரை. மஞ்சள் பை போய் நீலப் பை வந்தது. பல வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாம்பாருக்கு மஞ்சள்தூள் போடவில்லை என்றால் நம்புவீர்களா?

இப்போது நான் செய்த தவறு. ஏழு வயதில் அவளுக்கு வீக்கம் துளியும் இல்லை. காலையிலும் துள்ளி எழுந்தாள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு வாரந்தோறும் வாந்தி வரவழைக்கும் ஊசியை ஏன் போட வேண்டும் என்று நானும் மனைவியும் ஓர் இரவு பேசினோம். அடுத்த வெள்ளி போடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போடவில்லை. மருத்துவரிடம் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டரை மாதம். அந்தப் பத்து வெள்ளிகள் போல மகிழ்ச்சியான நாட்களை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அதனால்தான் அது தவறு என்று சொல்வது இன்றும் எனக்குக் கடினமாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. சிறு வயதில், சில மூட்டுகளில் மட்டும் நோய் வந்து, ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். யுவைட்டிஸ் என்பார்கள். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. ஸ்லிட் லேம்ப் என்ற கண் சோதனைக் கருவியில் பார்த்தால் மட்டுமே தெரியும். முழங்காலாவது வீங்கிக் காட்டிக்கொடுத்தது. கண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தாடையைக் கருவியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு, மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மருந்தை நிறுத்தியதால்தான் கண்ணுக்கு வந்ததா, நிறுத்தாவிட்டாலும் வந்திருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. சொட்டு மருந்து மணிக்கொருமுறை, பிறகு இரண்டு மணிக்கொருமுறை. மெத்தோட்ரெக்சேட் மீண்டும். அது போதாமல் அடாலிமுமாப் என்ற ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் இத்தகைய குழந்தைகளின் கண் அழற்சி நன்றாகக் கட்டுப்படுகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாகியிருந்தது. தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை செய்தார்கள். நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே கூடாது. இந்த மருந்துகள் எடுக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைக் கேட்காமல் போடக் கூடாது, காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது.

அடாலிமுமாப் ஊசியை இரண்டிலிருந்து எட்டு டிகிரி குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் மின்வெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனால் மற்ற வீடுகளில் மின்விசிறியை நினைப்பார்கள், என் மனைவி குளிர்சாதனப் பெட்டியை ஒருவரும் திறக்காமல் காவல் நிற்பாள். விலையும் சாதாரணம் இல்லை. இந்தியாவிலேயே தயாராகும் வகை வந்த பிறகு குறைந்தது என்றாலும், என் வருங்கால வைப்பு நிதி அதில்தான் கரைந்தது. பெண்பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு ஆண்டு மூடி வைத்தோம். பள்ளியில் சொன்ன பிறகுதான் தரையில் உட்காரவைக்காமல் நாற்காலி கொடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு செட் புத்தகம் தனியாகக் கொடுத்துப் பைச் சுமையைக் குறைத்தார்கள். முன்னமே சொல்லியிருக்கலாம்.

கண் இப்போது அடங்கியிருக்கிறது. முழங்காலும் அப்படியே. சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். மருந்தைக் குறைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தமுறை மருத்துவரையும் வைத்துக்கொண்டு பேசுகிறோம், அவளையும் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை ஊசியைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். தொடையைத் துடைத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை எடுத்தாள். காகிதம் எதுவும் சுற்றவில்லை. மஞ்சள் மருந்து விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "அப்பா, கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு வாந்தி வருகிறது" என்றாள்.

திண்ணையில் போய் நின்றேன். வணக்கம்.