சட்டையில் தமிழ்: பற்றா, பகட்டா? (‘பற்றே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், மதில் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம். வணக்கத்திலேயே அதைத் தின்று தீர்க்க எனக்கு மனசில்லை.

சட்டையில் தமிழ் எழுத்தை அச்சடித்துப் போட்டுக்கொள்வது பற்றா, பகட்டா? நான் பற்று அணி. ஏன் இந்த அணி என்று கேட்காதீர்கள், அழைப்பிதழிலேயே அப்படித்தான் அச்சடித்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “இரண்டு துவைப்பில் உதிர்ந்து போகிற தமிழுக்குப் பேர் பற்றா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பி, உதிர்வது தமிழ் இல்லை, மை. ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவரிடம் போய்க் கேளுங்கள். பிளாஸ்டிசால் மையைத் திரையில் விட்டு ஸ்குவீஜி என்கிற ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு. அப்புறம் அந்த மை சுமார் 160 டிகிரி சூட்டில் வேக வேண்டும். அவசரக்காரர் அரைவேக்காட்டில் எடுத்துக் கொடுத்தால், முதல் துவைப்பில் ‘ழ’வின் வால் போய்விடும். தமிழ் ‘தமிம்’ ஆகிவிடும். குற்றம் அடுப்பில் இருக்க, வழக்கை மொழி மேல் போடலாமா?

அதிலும் எந்த ஊரில் நின்று சாயம் போவதைப் பேசுகிறீர்கள்! கடலூர், புதுச்சேரி என்று இந்தக் கரை முழுக்கக் கப்பலில் துணி ஏற்றிய கரை. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரத்தால் கோடு போட்டு, சாயவேர் போட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று இருக்கும். பிரான்ஸ் நாட்டுப் பட்டுக்காரர்களும் கம்பளிக்காரர்களும் வயிற்றெரிச்சல் தாங்காமல் போய் முறையிட, அந்த அரசாங்கம் 1686-ல் இந்தத் துணிக்குத் தடையே போட்டது. 1759 வரைக்கும் தடை! அப்படியும் ஆசை விட்டதா? கூர்து என்ற சேசு சபைப் பாதிரியார் இங்கே சாயக்காரர்களிடம் பக்குவம் கேட்டு, 1742-ல் ஊருக்குக் கடிதமே எழுதினார். தடை போட்ட நாட்டுக்காரரே செய்முறை கேட்ட துணி இந்தக் கரைத் துணி. எங்களிடமா சாயம் போகும் என்கிறீர்கள்?

இன்னொன்று. எதிரணித் தம்பியின் சட்டையில் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு முதலை இருக்கிறது. ரெனே லகோஸ்த் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரரின் பட்டப்பெயர் அது. 1933-ல் கம்பெனி தொடங்கி அதைச் சட்டையில் தைத்துவிட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய பட்டப்பெயரைத் தம்பி நெஞ்சில் சுமக்கலாம், என் பிள்ளை பாரதியைச் சுமந்தால் பகட்டா? (அந்த முதலையும் நம்ம சண்டே மார்க்கெட்டில் வாங்கியதுதான் என்று எனக்குத் தகவல் வந்திருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன்.)

சண்டே மார்க்கெட் என்றதும் எங்கள் மாமா ஞாபகம் வருகிறது. காந்தி வீதியில் பேரம் பேசி ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கினார். முதுகில் பெரிசாக ஆங்கிலத்தில் எழுத்து. மாமாவுக்கு ஆங்கிலம் வராது, வந்தாலும் முதுகு தெரியாது. மறு வாரம் அவர் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பட்டு வேட்டி பையில் இருக்கிறது, மண்டபத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டையோடு விடியற்காலையில் வாசலில் இறங்கினார். கார் ஒன்று வந்து நின்றது. “அண்ணே, வண்டிய எங்க விடலாம்?”

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தாய்மாமன் இல்லையா, நம்மைத்தானே கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். “இடது பக்கம் ஒடிங்க!” அடுத்து விழுப்புரம் வேன். அடுத்து கடலூர் பஸ். ஒருத்தர் சாவியையே கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே மைக்கில் கூப்பிடுகிறார்கள்: “தாய்மாமன் மேடைக்கு வரவும்.” வெளியே மாமா: “இன்னும் பின்னால வா, வா, வா...” உள்ளே: “தாய்மாமன் எங்கிருந்தாலும் வரவும், முகூர்த்தத்துக்கு நேரம் ஆகிறது.” வெளியே: “ஸ்டாப்!” தாய்மாமனைத் தேடி ஓடிவந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவே இவரிடம்தான் கேட்டார்: “செக்யூரிட்டி, பொண்ணோட தாய்மாமனப் பாத்தியாப்பா?”

நடுவர் சிரிக்கிறார், இன்னும் முடியவில்லை ஐயா. மண்டப மேனேஜர் வந்து ஒரு சாப்பாட்டு டோக்கனும் 300 ரூபாயும் கையில் திணித்தார். மாமா அதையும் மரியாதை என்று வாங்கி, கவரில் போட்டு மொய் எழுதிவிட்டார்! அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போது 500 ஆகிவிடும். மாமா சொல்லும்போது மேனேஜரே கிடையாது.

நம் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்கே தெரியாத சட்டையைப் போடுவதுதான் பகட்டு. படிக்கத் தெரிந்த எழுத்தைப் போட்டால் ஆள் மாறாது.

1984-ல் காதரின் ஹேம்நெட் என்ற ஆடை வடிவமைப்பாளர், ஏவுகணை வேண்டாம் என்று எழுதிய சட்டையோடு போய் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சருக்குக் கை கொடுத்தார். 2020-ல் நம் பிள்ளைகள் ‘இந்தி தெரியாது போடா’ என்று போட்டுக்கொண்டு நின்றார்கள். வாயால் சொன்னால் சண்டை, சட்டையில் சொன்னால் ஸ்டைல். அதை விடுங்கள். நேரம் ஓடுகிறது, நான் அத்தையிடம் வர வேண்டும்.

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவர். இப்போது கண் மங்கிவிட்டது. பேப்பர் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று எடுப்பதே இல்லை. போன மாதம் பேரன் ஒரு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான், பாரதியின் மீசையும் முண்டாசும், கீழே இரண்டு விரல் உயரத்துக்கு எழுத்து. அத்தை அவனைப் பிடித்து நிறுத்தினார். விரலை அவன் வயிற்றில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். “ரௌ... த்... தி... ரம்... பழகு.” அவன் கூச்சத்தில் நெளிகிறான், அத்தை விடவில்லை.

“அப்படின்னா என்னடா?”

“கோவப்படக் கத்துக்கோன்னு அர்த்தம் ஆயா.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “நம்ம பாரதி இங்க இருந்தப்பவே சொன்னாராடா இத? எனக்கு ஏன்டா யாருமே சொல்லல? பொட்டச்சிக்குக் கோவம் ஆகாதுன்னு சொல்லித்தானே என்னை வளத்தாங்க.”

எதிரணித் தம்பிக்கு இன்னும் பத்துக் குறிப்பு வைத்திருந்தேன், இப்போது எதையும் சொல்லத் தோன்றவில்லை. பேரனைப் போட்டு நச்சரித்து, தன் அளவுக்கு ஒன்று வாங்கிவரச் சொல்லி, புடவைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் அத்தை. அதோ, மூன்றாவது வரிசை ஓரம். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் அத்தை.

மணி அடித்துவிட்டீர்கள். சரி நடுவர் அவர்களே, எனக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். அது பகட்டுதான் என்று தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் மட்டும், அத்தையைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் இப்போதுதான் கோபப்படப் பழகிக்கொண்டிருக்கிறார். வணக்கம்.